தாத்தாவின் காதுக்கு ஒரு தமிழ்ச் சோதனை

குளுவாங், ஜொகூர்

அன்பு மகளுக்கு,

ஸ்கூடாயில் இறுதியாண்டு ஆய்வுக்குக் காது கேட்கும் கருவியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். எடுத்துக்கொள். ஆனால் சத்தத்தைக் கூட்டிக் கொடுப்பதோடு நின்றுவிடாதே.

உன் தாத்தா செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கத்திலேயே வேலை பார்த்தவர். காதடைப்பானைக் கண்ணால் கண்டதில்லை. வேலையிடச் சத்தம் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலைத் தாண்டக்கூடாது என்ற விதி மலேசியாவில் 2019இல்தான் வந்தது. "சத்தம் கேக்குது, பேச்சுதான் விளங்கல" என்பார் தாத்தா. நாம் இன்னும் உரக்கக் கத்துவோம். அவர் முகம் சுளிப்பார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட குழல், நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர்தான். ஒலி அதற்குள் அலையாக ஓடி, கீச்சொலி என்றால் வாசலருகிலும் கனத்த ஒலி என்றால் உள்நுனியிலும் ஓங்குகிறது. இதைக் கண்டு காட்டிய பேக்கேசி என்ற அறிவியலாளருக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குழலில் ஏறத்தாழ 12,000 வெளி மயிர்ச்செல்கள் இருக்கின்றன. மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுப்பவை அவை. ஓர் ஒலியைப் பக்கத்து ஒலியிலிருந்து பிரித்துக் கொடுப்பவையும் அவையே. ஆலைச் சத்தம் வாசல் பக்கத்துச் செல்களை முதலில் தின்கிறது. போனவை முளைப்பதில்லை. உயிரெழுத்தின் கனம் வந்து சேர்கிறது, மெய்யெழுத்து மங்கிவிடுகிறது. அந்த மங்கலைக் கத்தித் தீர்க்க முடியாது.

தாத்தாவைச் சோதித்த இடத்தில் மலாய்ச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். ஆனால் பல்லிக்கும் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு அவர் காதில் விழுகிறதா என்பதை லகரம் ஒன்றே உள்ள மொழியால் அளக்க முடியுமா? காதைப் பழக்குவது மொழி. 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் காட்டினார்கள்: ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தை ஆறு, எட்டு மாதத்தில் இந்தியின் தகர, டகர வேறுபாட்டை உணர்கிறது, ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விடுகிறது.

ஆகவே தமிழுக்கென்றே ஒரு கேட்புச் சோதனையை உன் ஆய்வில் உருவாக்கு. சென்னைக் கிண்டியில் பொறியியல் படித்த ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பேர்ட், அபிகேல் கான் மூவரும் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் ஒலிக்கும்போது நாக்கு நிற்கும் கோலத்தைக் காந்த அதிர்வுப் படமாக எடுத்து 1999இல் வெளியிட்டார்கள். அதை முதலில் படி. ஆனால் பாடநூல் தமிழை அப்படியே சோதனைக்குக் கொண்டுவராதே. தாத்தா பழத்தைப் 'பளம்' என்பவர். கிளியையும் கிழியையும் அவர் பிரிக்கவில்லை என்றால் அது செவிட்டுத்தனமல்ல, அவருடைய தமிழ். காதின் குறையையும் பேச்சு வழக்கையும் குழப்பாத சொற்பட்டியல் வேண்டும். அதை இங்குள்ள வாய்களிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பொங்கலுக்கு வரும்போது நல்ல ஒலிவாங்கி ஒன்று கொண்டுவா. தோட்டத்துப் பெரியவர்கள் சிலரிடம் பேசி வைத்திருக்கிறேன். சம்மதம் கேட்டுப் பதிவு செய்வோம். தாத்தாவிடம் எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசு.

சித்தப்பா