கண்புரை அறுவையும் ஒரு சொட்டு மருந்தும்

எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி, பேருந்தின் எண்ணைப் படிக்க இயலாமல், நிறுத்தத்தில் நிற்பவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு ஏறிக்கொண்டிருந்தார். அரிசியில் கல் பொறுக்கும் வேலையையும் பேத்தியிடம் விட்டுவிட்டார். கண்புரை முற்றிவிட்டது, அறுவை செய்துகொண்டால் பார்வை திரும்பும் என்று மருத்துவர் கூறி இரண்டு ஆண்டுகள் ஆகியும் அவர் இசையவில்லை. செலவு காரணமன்று. "கண்ணுல ஊசி போடுவாங்களாம், முழிச்சிக்கிட்டே கிடக்கணுமாம்" என்ற அச்சமே காரணம். இத்தகைய பாட்டியும் தாத்தாவும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கக்கூடும். ஆகவே இந்த வலியைப் பற்றிச் சற்று ஆராய்வோம்.

முதலில், கண்ணில் வலி எங்கே இருக்கிறது? ஒரு தூசி விழுந்தாலே நாம் துடித்துப் போகிறோம். கருவிழியின் மேல் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கார்னியா என்னும் தெளிந்த படலத்தில் நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக அமைந்திருப்பதே இதற்குக் காரணம். உடலிலேயே இவ்வளவு கூர்மையான உணர்ச்சியுள்ள இடங்கள் சிலவே. ஆனால் கண்புரை உண்டாவது அந்தப் படலத்தில் அன்று. அதற்குப் பின்னே, கண்மணிக்கு உட்புறமாக உள்ள லென்சில். இந்த லென்சில் நரம்பே கிடையாது. இரத்தக் குழாயும் இல்லை. எனவே, கலங்கிப்போன லென்சை எடுக்கும்போது அந்த லென்சிலிருந்து வலி பிறப்பதில்லை. அதை அடையும் வழியில்தான் வலி: கீறல் போடும் கார்னியாவின் ஓரத்திலும், கண்மணியைச் சூழ்ந்துள்ள ஐரிசு என்னும் திரையிலும். பாட்டிமார் அஞ்சும் இடம் வேறு, உண்மையில் வலிக்கும் இடம் வேறு என்பது இதனால் விளங்கும்.

1747ஆம் ஆண்டில் ழாக் தாவியேல் என்னும் பிரெஞ்சு மருத்துவர், புரை விழுந்த லென்சைக் கண்ணைக் கீறி வெளியே எடுக்கும் முறையைக் கையாண்டார். மரக்கச் செய்யும் மருந்து எதுவும் அப்போது இல்லை. நோயாளியை உதவியாளர் இறுகப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் விரைந்து முடிக்க வேண்டும். அதை எண்ணும்போதே நமக்கு உடல் நடுங்குகிறது. 1846க்குப் பின் ஈதர் மயக்கம் வந்தது. கண் அறுவைக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. மயக்கம் தெளிந்ததும் நோயாளி வாந்தி எடுப்பார். நுண்ணிய தையல் வழக்கில் இல்லாத அந்நாளில், வாந்தியின் அழுத்தத்தால் கீறல் பிரிந்து கண்ணே கெட்டுவிடும்.

இந்நிலையை மாற்றியவர் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய கார்ல் கோலர். 1884இல் அவருக்கு வயது இருபத்தாறுதான். அவருடைய நண்பரும் பிற்காலத்தில் உளவியலில் பெரும்புகழ் பெற்றவருமான சிக்மண்ட் பிராய்டு, அப்போது கொக்கெயின் என்னும் பொருள் உடலுக்கு என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நாவில் பட்டால் நா மரத்துப் போகிறதே, கண்ணில் விட்டால் கண்ணும் மரக்குமன்றோ என்ற எண்ணம் உதித்தது கோலருக்கே. ஆய்வுக்கூடத்தில் ஒரு தவளையின் கண்ணில் அந்தக் கரைசலை விட்டுத் தொட்டுப் பார்த்தார். தவளை அசையவில்லை. முயலிடமும் நாயிடமும் அப்படியே. இறுதியில் அவரும் உடன் பணியாற்றிய ஒருவரும் தங்கள் கண்களிலேயே அதை விட்டுக்கொண்டு, கண்ணாடியின் முன் நின்று, குண்டூசியின் தலையால் கார்னியாவைத் தொட்டுப் பார்த்தனர். ஒன்றும் தெரியவில்லை!

அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ஐடல்பர்க் நகரில் கண் மருத்துவர் மாநாடு கூடியது. அங்கே செல்லக் கோலரிடம் பணம் இல்லை. பிரெட்டாவர் என்ற மருத்துவர் அவருடைய கட்டுரையைப் படித்து, ஒரு நோயாளியின் கண்ணில் செய்தும் காட்டினார். ஏழை இளைஞர் ஒருவர் போக முடியாத அவையில் அவருடைய கண்டுபிடிப்பு அரங்கேறியது.

கொக்கெயினிடம் தீமைகளும் இருந்தன. கார்னியாவின் மேற்பரப்பை அது கெடுத்தது. மனிதனை அடிமையாக்கும் நஞ்சும் அதுவே. எனவே அந்தத் தீமை குறைந்த வேறு மருந்துகளைத் தேடிக் கண்டனர். அத்துடன் இன்னொரு சிக்கலும் இருந்தது. கீறல் பெரியதாக இருந்த காலத்தில் கண் சிறிதும் அசையக்கூடாது. சொட்டு மருந்து உணர்ச்சியை நீக்குமேயன்றி, கண்ணை அசைக்கும் தசைகளைக் கட்டாது. ஆகையால் கண்ணுக்குப் பின்புறத்திலோ சுற்றிலுமோ ஊசி போடும் முறை நெடுங்காலம் ஓங்கியிருந்தது. பாட்டி கேள்விப்பட்ட ஊசி இதுதான். அதுவும் கண்மணியில் குத்துவதன்று.

1967இல் சார்லசு கெல்மன் என்னும் அமெரிக்க மருத்துவர், மிகை ஒலி அதிர்வால் லென்சை உடைத்து உறிஞ்சும் முறையை வகுத்தார். அது வளர வளர, கீறல் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமாயிற்று. 1990களில் சொட்டு மருந்து மீண்டும் அறுவை அறைக்குள் நுழைந்தது. இன்று புரோபராகெயின் போன்ற சொட்டு மருந்தை அறுவைக்குமுன் சில முறை விடுகின்றனர். முதல் சொட்டு சற்று எரியும். அரை நிமிடத்திற்குள் கண் மரத்துவிடும். நரம்பின் வழியே செய்தி செல்ல வேண்டுமானால் சோடியம் அயனிகள் நரம்பு இழைக்குள் நுழைய வேண்டும். அந்த வாயிலை மருந்து அடைத்துவிடுகிறது. செய்தி மூளைக்குப் போகாததால் வலியும் இல்லை. ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் அதன் வலிமை குறைவதால் மீண்டும் விடுவதுண்டு. ஐரிசு வரை சொட்டு முழுமையாக எட்டாது. அதற்காக லிடோகெயின் மருந்தைச் சிறிதளவு கண்ணுக்குள்ளேயே செலுத்துவோரும் உண்டு. அழுத்துவது போன்ற உணர்வு இருக்கலாம். பார்வை நரம்பை இம்மருந்து தொடுவதில்லை. எனவே நோயாளிக்கு வெளிச்சமும் வண்ணங்களும் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் பதற மாட்டார்.

எல்லோருக்கும் சொட்டு மட்டும் போதும் என்று நாம் வாக்களிக்க முடியாது. அசையாமல் படுக்க இயலாதவர், மருத்துவர் சொல்வது காதில் விழாதவர், புரை மிகவும் முற்றியவர் ஆகியோருக்கு ஊசியே ஏற்றதாகலாம். நம் நாட்டு முகாம்களில் கருவியின்றிக் கையாலேயே லென்சை எடுக்கும் முறைக்குச் சற்றுப் பெரிய கீறல் வேண்டும். அதற்கும் ஊசியே பெரும்பாலும் வழக்கம். குழந்தைகளுக்கு முழு மயக்கம் தருவார்கள்.

இனி ஓர் எச்சரிக்கை. "அவ்வளவு நல்ல மருந்தை வீட்டுக்கும் வாங்கி வரலாமே?" என்று சிலர் கேட்பார்கள். கூடவே கூடாது. மரக்கச் செய்யும் சொட்டைத் தொடர்ந்து விட்டால் கார்னியாவின் மேற்புறம் ஆறாது. புண்ணாகிப் பார்வையே போகலாம். வீட்டுக்குக் கொடுப்பவை வேறு: கிருமியைத் தடுப்பது, வீக்கம் தணிப்பது, கெட்டோரோலாக் போல வலியும் வீக்கமும் குறைப்பது. முதல் சில நாட்கள் உறுத்தல் இருப்பது இயல்பு. ஆனால் வலி நாளுக்கு நாள் மிகுந்தாலோ, கண் நன்றாகச் சிவந்து பார்வை மங்கினாலோ, அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். அந்த வலி காவல்காரன் கூவும் குரல். அதை மாத்திரை போட்டு அடக்கிவிட்டு உறங்கலாகாது.

சொட்டு விடும் பணி பெரும்பாலும் பேத்திகளாகிய நம்மிடமே வருகிறது. கையைச் சோப்பிட்டுக் கழுவி, கீழிமையை மெல்ல இழுத்து, புட்டியின் முனை கண்ணிலோ இமையிலோ படாமல் ஒரு சொட்டு விட்டால் போதும். பிறகு கண்ணை மெல்ல மூடச்செய்து, மூக்கோரமுள்ள உள்மூலையை ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லையேல் மருந்து மூக்கு வழியே தொண்டைக்கு இறங்கிவிடும். இரண்டு மருந்துகளுக்கிடையே ஐந்து நிமிட இடைவெளி தேவை.

முன்னே கூறிய பாட்டி, சொட்டு மருந்திலேயே அறுவை முடிந்து, மறுநாள் வீட்டில் இருந்தார். ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை. "மாம்பழ நிறத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு, அப்புறம் நீலம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். முதல் மருந்தை விட்டுவிட்டுப் பேத்தி பாடப் புத்தகத்தில் ஆழ்ந்துவிட, சுவர்க் கடிகாரத்தைத் தாமே பார்த்து, "அஞ்சு நிமிசம் ஆயிடுச்சுடி, அடுத்த சொட்ட விடு" என்றாராம்.