குடலில் குடியிருக்கும் விருந்தினர்

உண்பதற்கு முன் உணவில் ஒரு பங்கைப் பிற உயிர்களுக்கு ஒதுக்கி வைப்பது நமது நாட்டில் இல்லறத்தாரின் கடமையாக வகுக்கப்பட்டது. பஞ்ச மகாயக்ஞங்களுள் இது பூதயக்ஞம் எனப்படும். காகத்திற்கும் பசுவிற்கும் எறும்பிற்கும் பங்கு வைத்த பின்னரே இல்லறத்தான் தன் உணவில் கை வைப்பான். அவ்வாறு பங்கு பெறவேண்டிய உயிர்கள் வாசலில் மட்டுமன்றி, உண்பவனின் உடலுக்குள்ளேயும் குடியிருக்கின்றன. மனித உடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று 2016ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். உடலின் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அந்த அளவே. இந்த பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவற்றின் இருப்பிடம் பெருங்குடல்.

இவ்விருந்தினருக்கு எஞ்சுவது எது? சர்க்கரை, நெய், மைதா, தீட்டிய அரிசி ஆகியவற்றின் சாரம் ஏறக்குறைய முழுவதும் சிறுகுடலிலேயே செரித்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. பெருங்குடலைச் சென்றடைவது மனிதனால் செரிக்க இயலாத மீதமே. நெடுங்காலம் அது வெறும் சக்கை என்றே எண்ணப்பட்டது. அந்த மீதத்திலும் சில பொருள்கள் நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு உணவாகி, அவற்றின் வழியே உண்பவருக்கும் நலம் சேர்க்கின்றன. இவற்றுக்கு ‘ப்ரீபயாடிக்’ என்னும் பெயரை 1995ஆம் ஆண்டில் கிப்சன், ராபர்ஃப்ராய்ட் என்னும் இரு அறிஞர்கள் சூட்டினர். தயிர் முதலியவற்றின் மூலம் கிடைக்கும் ‘ப்ரோபயாடிக்’ வேறு. அது நுண்ணுயிரையே உள்ளே அனுப்புவது. இது ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றுக்கு உணவளிப்பது.

பெயர்தான் புதியது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள் நிறைய உள்ளன. பாலின் திடப்பொருள்களுள் பால்சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்த இடம் இவற்றுக்கே. குழந்தைக்குப் பயன்படாத ஒன்றைத் தாயின் உடல் ஏன் இவ்வளவு முயன்று உண்டாக்க வேண்டும்? குழந்தையின் குடலில் வளரும் பிஃபிடோபாக்டீரியாவுக்கு அதுவே உணவு. முதல் பூதயக்ஞத்தை அன்னையே செய்துவிடுகிறாள்.

நுண்ணுயிர்கள் இம்மீதத்தைப் புளிக்கச் செய்யும்போது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் அமிலங்கள் உண்டாகின்றன. இவற்றுள் பியூட்டிரேட் பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். அவற்றின் ஆற்றல் தேவையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை அது நிறைவு செய்கிறது. உப்பையும் நீரையும் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதற்கும் இந்த அமிலங்கள் துணை நிற்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இவ்வுண்மையைக் காலரா நோயாளிகளிடம் பயன்படுத்திப் பார்த்தனர். சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மக்காச்சோள மாவுப்பொருளை உப்பு, சர்க்கரைக் கரைசலுடன் சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிகள் இழக்கும் நீரின் அளவும் பேதியின் காலமும் குறைந்தன. 2000ஆம் ஆண்டில் இது வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு டாக்காவிலிருந்து வெளிவந்த மற்றோர் ஆய்வில், விடாத வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைகள் வேகவைத்த வாழைக்காய் சேர்ந்த அரிசி உணவால் விரைவில் தேறினர். வாழைக்காயிலும் அவ்வாறு செரிக்காது தப்பும் மாவுப்பொருள் மிகுதி. காய் பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறிவிடும்.

விருந்தினருக்குப் பங்கு வைக்காவிட்டால் என்ன நேரும் என்பதை 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு எலிகளிடம் காட்டியது. நார்ச்சத்து மறுக்கப்பட்டபோது, நுண்ணுயிர்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே உணவாகக் கொள்ளத் தொடங்கின. படலம் மெலியவே, நோய்க்கிருமிகள் எளிதில் சுவரை அணுகின. பசித்த விருந்தினர் வீட்டுச் சுவரையே அரித்தது போன்ற நிலை அது.

இங்கு சாதகர்களுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. மேனாட்டார் தரும் ப்ரீபயாடிக் உணவுப் பட்டியல்களில் வெங்காயமும் பூண்டும் முதலிடம் பெறுகின்றன. அவற்றை விலக்கிய சாத்துவிக உணவில் இந்நன்மை இல்லாமற்போய்விடுமா? பூரி ஜகந்நாதர் ஆலயத்து மடைப்பள்ளியைக் கண்டால் இவ்வையம் நீங்கும். அங்கு வெங்காயமும் பூண்டும் நுழைவதில்லை. பருப்பும் நாட்டுக் காய்கறிகளும் நாள்தோறும் மண்பானைகளில் வேகின்றன. ஒடிசா மக்கள் தால்மா என்று விரும்பி உண்ணும் கூட்டில் துவரம்பருப்பு, வாழைக்காய், பூசணி, கிழங்கு ஆகியவை ஒன்றுசேர்கின்றன. பருப்பு வகைகள் அனைத்திலும் ராஃபினோஸ் இனத்தைச் சேர்ந்த சர்க்கரைகள் உண்டு. மனிதக் குடலால் செரிக்க இயலாத இவற்றை நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் விரும்பி உண்ணும். கோதுமையை முழுமையாக அரைத்த மாவு, வேள்விக்குரிய யவம் எனப்படும் பார்லி, பீகாரின் சத்துமாவாகிய வறுத்த கடலைமாவு ஆகியவையும் இவ்வகையில் சிறந்தவை.

எனவே குறை வெங்காயத்தை விலக்குவதில் இல்லை. சாத்துவிகம் என்ற பெயரில் மைதாவையும் சர்க்கரையையும் ஏற்பதில்தான் இருக்கிறது. ஏகாதசி நாளில் தானியத்தை விலக்கிவிட்டு, ஜவ்வரிசியையும் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கையும் வயிறார உண்பவர் நாடெங்கும் உள்ளனர். சேலம் பகுதியில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து பெருமளவில் எடுக்கப்படும் ஜவ்வரிசி ஏறக்குறைய தூய மாவுப்பொருளே. கிச்சடியில் சேரும் நிலக்கடலை ஓரளவு ஈடுசெய்யும் என்பது உண்மைதான். அன்று அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையோ பழங்களையோ ராஜ்கிரா, குட்டு மாவில் சுட்ட ரொட்டியையோ உண்டால் விரதமும் கெடாது. குடலும் பட்டினி கிடக்காது.

ஜகந்நாதருக்கு பகாளா என்னும் நீர்ச்சோறும் படைக்கப்படுகிறது. வெந்த சோறு ஆறும்போது அதன் மாவுப்பொருளில் ஒரு சிறு பகுதி மீண்டும் இறுகி, செரிமானத்துக்குத் தப்பும் தன்மையைப் பெறுகிறது. தமிழகத்துப் பழைய சோற்றுக்கும் இது பொருந்தும். கீதையின் பதினேழாம் அத்தியாயம் பழைய உணவைத் தாமசமெனக் கூறுவதால், இதில் முரண்பாடு காண்போரும் உண்டு. கெட்டு நாறும் உணவையும் நீரில் பக்குவமாக ஊறிய அன்னத்தையும் வேறுபடுத்தி அறிந்த நடைமுறை அறிவே ஆலய மரபில் தெரிகிறது. ஆனால் கோடையில் நீரில்லாமல் நெடுநேரம் வெளியில் கிடந்த சோற்றுக்கு இந்த நியாயம் பொருந்தாது.

நார்ச்சத்து அனைத்தும் ப்ரீபயாடிக் ஆகிவிடாது என்பதையும் அறிதல் நலம். குஜராத்தில் மிகுதியாக விளையும் இசப்கோல் மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து. எனினும் குடல் நுண்ணுயிர்கள் அதை மிகக் குறைவாகவே புளிக்கச் செய்கின்றன. இரவில் அதை ஒரு கரண்டி உட்கொள்வது பருப்புக்கும் காய்க்கும் ஈடாகாது.

இதுவரை நார் குறைந்த உணவையே உண்டு வந்தவர் ஒரே நாளில் மாறினால் வயிறு உப்பும், வாயு மிகும். அது நுண்ணுயிர்கள் வேலை செய்வதன் அடையாளமே. எனினும் துன்பம் துன்பம்தான். முதல் வாரம் ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிப் பயறு போதும். பின்னர்ச் சிறிது சிறிதாக மிகுத்துக்கொள்ளலாம். இரவில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்துக் குழைய வேகவைத்தால் தொல்லை குறையும். நீரையும் போதிய அளவு பருக வேண்டும். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு இவ்வுணவுகளே வலியை மிகுவிக்கக்கூடும்; சிறுநீரக நோயாளிகளுக்கு வாழைக்காயிலும் பருப்பிலும் உள்ள பொட்டாசியம் ஆகாது. இவ்விரு சாராரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே உணவை மாற்றிக்கொள்ள வேண்டும்.