கான்கிரீட்டுக் கல்வியும் உபகாரச் சம்பளமும்

மதுரை மாநகரின் தென்மேற்கே, திருப்பரங்குன்றஞ் செல்லும் வழியில் அமைந்தது பழங்காநத்தம். கட்டடக் கலை பயிற்றும் கலாசாலைகள் இவ்வூர்க்குச் சேய்மையில் இல்லை. கருமுத்து தியாகராசர் 1957-ஆம் ஆண்டில் நிறுவிய பொறியியற் கல்லூரி திருப்பரங்குன்றத்திலும், பட்டயப் படிப்பு அளிக்கும் தமிழ்நாடு பாலிடெக்னிக் மதுரையிலும் உள்ளன. ஆயினும் வழி அண்மையது என்பதாற் கட்டணம் எளியதாகிவிடாது. விடியலிற் பாண்டுச் சட்டியும் மண்வெட்டியும் ஏந்தி வேலைக்குப் புறப்படும் கொத்தனார், சித்தாள் முதலியோரின் மக்கள் அக்கலாசாலைகளின் வாயிலை எங்ஙனம் எய்துவர் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

கான்கிரீட்டு என்பது சிமிட்டி, மணல், கருங்கற் சல்லி, நீர் ஆகியவற்றின் கூட்டு. அது நீர் வற்றிக் காய்வதால் இறுகுவதன்று. சிமிட்டியும் நீரும் இரசாயன முறையிற் கூடுவதால் இறுகுவது. ஆதலின் கலக்கும்போது நீர் மிகினும் வலிமை குன்றும். தளம் இட்ட பின்னர் நீர் குறையினும் வலிமை குன்றும். முன்னதன் அளவை டப் ஏபிரம்ஸ் என்னும் அமெரிக்கர் 1918-இல் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னதை நம் கொத்தனார் யாவரும் அறிவர்; தளத்தின் மேற் பாத்தி கட்டி அவர்கள் நீர் நிறுத்துவது அதன்பொருட்டே. சாதாரண போர்ட்லண்டு சிமிட்டியாயின் குறைந்தது 7 நாள் ஈரங் காத்தல் வேண்டுமென இந்திய நியமம் விதிக்கிறது. அந்த 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு வலிமை வந்துவிடும். முழு வலிமையை 28-ஆம் நாளிற் சோதிப்பர். தொழிலாளி கையால் அறிந்ததைப் பொறியாளர் எண்ணால் அறிகின்றார். தந்தையின் கையறிவும் மகளின் எண்ணறிவும் ஒரே வீட்டிற் சேருமாயின் அத்தொழிலுக்கு அதனினும் ஆக்கம் வேறில்லை என்போம்.

உபகாரச் சம்பளம் என்று முன்னோர் வழங்கிய சொல்லில், ஈவோர் கை மேலும் ஏற்போர் கை கீழுமாய் நிற்கும் குறிப்பு ஒன்றுண்டு. கட்டடத் தொழிலாளர் மக்கள் பெறும் உதவிக்கு அச்சொல் பொருந்தாது. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், 1994-இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. விபத்து, ஓய்வூதியம் முதலியவற்றோடு, பதிவு பெற்றோர் மக்களின் கல்விக்கும் அது பொருள் உதவுகிறது. பாலிடெக்னிக், பொறியியற் படிப்புகளும் அதில் அடங்கும். அப்பொருள் எங்கிருந்து வருகிறது? கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வை வாங்க 1996-இல் நடுவணரசு சட்டம் இயற்றிற்று. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அத்தீர்வையைக் கைவிடவில்லை. நூற்றுக்கு ஒன்றெனினும், கோடி ரூபாயில் எழும் மாடம் இலட்ச ரூபாய் தருகின்றது. அதனை எழுப்பியவரே தம் மக்களுக்காகத் தேடிய பொருள் அது, இரவலன்று.

ஆயினும் பதிவில்லாதார்க்கு அது கிட்டாது. நாட்கூலிக்கு இடம் பெயர்ந்து திரிவோர் பதிவைப் புதுப்பிக்க மறப்பது இயல்பே. அம்மறதியின் பயனை மகளே நுகர்கின்றாள்.

வேறு வாயில்களும் உள. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றார்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கித் தமிழ்நாடு 2021-இற் சட்டம் செய்தது; அவ்விடம் பெற்றோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. பட்டமோ பட்டயமோ பயிலும் பெண்களுக்கு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 'பிரகதி' உதவி ஆண்டுக்கு 50,000 ரூபாயாகும். குடும்ப வருமானம் எட்டு இலட்சத்திற்கு மேற்படலாகாது.

இவற்றுள் எதுவாயினும் காலத்தே வருதல் வேண்டும். கட்டணம் கேட்கும் நாள் ஒன்று, உதவி வந்து சேரும் நாள் மற்றொன்று. இடைப்பட்ட மாதங்களில் வட்டிக்குக் கடன்படுவோரும் படிப்பை விடுவோரும் உளர். வெடித்த தளத்தின்மேல் நீர் பாய்ச்சி என்ன பயன்? வாரியங்கள் தொகையை உயர்த்துவதினும் நாளை முன்னிடுவதே நலம் என்பது எம் துணிபு.

நம் கல்லூரி மாணாக்கர் இதில் செய்யத்தக்கது சிறிது உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னரே, விடுமுறை நாளொன்றின் மாலையிற் பழங்காநத்தத்தில் அமர்ந்து, தொழிலாளரின் பதிவட்டை முடியும் நாளைப் பார்த்துச் சொல்லலாம். வருமானச் சான்றுக்கும் வங்கிக் கணக்கிற்கும் உரிய படிவங்களை நிரப்பித் தரலாம். எழுதத் தெரிந்த நால்வரும் ஒரு மேசையும் இருந்தாற் போதும்.