ஆர்ச் லினக்ஸ் நிறுவப் போகிறீர்களா?

உபுண்டு மாதிரி 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போகிற வேலை இல்லை இது. பென்டிரைவிலிருந்து கிளப்பினால் கறுப்புத் திரையும், கட்டளைக்குக் காத்திருக்கும் கர்சரும்தான் வரும். அதனால் முதலில் விர்ச்சுவல்பாக்ஸில் நிறுவிப் பழகுங்கள். அங்கே எதை அழித்தாலும் நஷ்டமில்லை.

நிஜக் கணினியில் இறங்கும் முன் கோப்புகளை வேறு டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். விண்டோஸும் அதே கணினியில் இருந்தால், அதற்கு முன்பே பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் குறித்து வையுங்கள். பிறகு தேடி அலைய வேண்டாம்.

டிஸ்கைப் பிரிக்கும் கட்டத்தில்தான் நிதானம் தேவை. 'எல்எஸ்பிஎல்கே' என்று கட்டளை கொடுத்தால் எல்லா டிஸ்க்கும் அளவோடு தெரியும். எது ஹார்டு டிஸ்க், எது பென்டிரைவ் என்று பார்த்துவிட்டுக் கைவையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இணைய விஷயத்தில். நிறுவும்போது வேலை செய்த வைஃபை, ரீஸ்டார்ட் செய்ததும் காணாமல் போயிருக்கும். பென்டிரைவில் இருந்த நெட்வொர்க் கருவிகள் புதிய நிறுவலுக்குத் தாமாக வந்துவிடாது. புதிய நிறுவலுக்கு மென்பொருள்களை இறக்கும் 'பேக்ஸ்ட்ராப்' கட்டளையிலேயே நெட்வொர்க்மேனேஜரையும் நானோ எடிட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட்டுக்கு முன் நெட்வொர்க்மேனேஜரை 'எனேபிள்' செய்யவும் வேண்டும்.

பழைய யூடியூப் வீடியோக்களை நம்பாதீர்கள். ஆர்ச் விக்கியின் நிறுவல் வழிகாட்டியை போனில் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு 2021 முதல் 'ஆர்ச்இன்ஸ்டால்' என்ற உதவி நிரலும் அதே பென்டிரைவில் வருகிறது. அதைப் பயன்படுத்துவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.