பிள்ளைக்கு லேப்டாப் வாங்கும் முன்



பிளஸ் டூ முடித்த மாணவி ஒருவருக்கு நமது கல்வி நிதியிலிருந்து பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். "ஐ5 மாடல்" என்று கடையில் சொன்னதை நம்பினோம். அதில் விண்டோஸ் 11 ஏறவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. ஸதகா பணம் அமானிதம். விசாரிக்காமல் வாங்கியது நம் தவறு. அதில் கற்றதைச் சொல்கிறோம்.

1. ஐ5 என்ற பெயரை மட்டும் பார்க்காதீர்கள். பின்னால் வரும் எண்ணையும் பாருங்கள். ஐ5-6200 என்றால் 6-ஆம் தலைமுறை; ஐ3-1215 என்றால் 12-ஆம் தலைமுறை. இன்டெல்லில் 8-க்குக் கீழே வேண்டாம்.

2. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கட்டும். 64 ஜிபி இஎம்எம்சி வைத்த மலிவு மாடலில் அப்டேட்டுக்கே இடம் போதாது.

3. பழையதென்றால் சார்ஜரைக் கழற்றி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எல்லா பட்டனையும் தட்டிப் பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

4. புதியதென்றால் வாரண்டி எத்தனை ஆண்டு, சர்வீஸ் சென்டர் திண்டுக்கல்லிலோ கரூரிலோ உண்டா என்று கேளுங்கள். சிறு பழுதுக்குச் சென்னை வரை அனுப்ப நேர்ந்தால் பிள்ளையின் படிப்புதான் நிற்கும்.

5. தவணை என்றால் வட்டி கலந்திருக்கிறதா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்குவதாக 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் முதலில் அங்கே விசாரியுங்கள். மற்றவர்கள் பணம் கொடுக்கும் முன் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.