எண்ணெயும் இரத்தச் சர்க்கரையும்: பத்தாம் வகுப்புக்கு இரண்டு பாடவேளைச் செயல்பாடு

கணையம், இன்சுலின், நீரிழிவு நோய் ஆகியவற்றைப் பத்தாம் வகுப்பில் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு கேள்வி வந்துவிடும்: "சுகர் இருக்கிறவங்க எந்த எண்ணெய் சார் சாப்பிடணும்?" கேட்கும் மாணவரின் வீட்டில் அப்பாவுக்கோ பாட்டிக்கோ சர்க்கரை இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது.

ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை ஒதுக்கிவிட்டு, "சுகருக்கு நல்லது" என்ற பேச்சை நம்பிப் பல மடங்கு விலையில் வேறு எண்ணெய் வாங்கும் குடும்பங்கள் உண்டு. எண்ணெயைத்தான் மாற்றிவிட்டோமே என்று மாத்திரையைக் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டாவது பழக்கம் ஆபத்தானது. அதனால் இந்தக் கேள்விக்கு விடையாக ஒரு செயல்பாட்டை வகுப்பில் செய்து வருகிறேன்.

முதல் பாடவேளை: எண்ணெயில் என்ன இருக்கிறது?

தேவையானவை: கொஞ்சம் சோறு, ஒரு பூரி, சில துளி கடலெண்ணெய், நீர்த்த அயோடின் கரைசல், வெள்ளைத் தாள்.

சோற்றிலும் பூரியிலும் அயோடினை விட்டால் நீலக்கருப்பு நிறம் தோன்றும். எண்ணெயில் அந்த நிறம் வராது. பூரியைத் தாளில் அழுத்தினால் ஒளி ஊடுருவும் கறை படியும். எண்ணெய்த் துளியும் அதே கறையைத் தரும். பூரியில் மாவுச்சத்து, கொழுப்பு இரண்டும் இருக்கின்றன, எண்ணெயில் மாவுச்சத்து இல்லை என்று மாணவர்களே எழுதிவிடுவார்கள்.

அடுத்து, "பூரி சாப்பிட்டால் சர்க்கரையை ஏற்றுவது எது?" என்று கேட்பேன். ஏற்றுவது மாவு. எண்ணெயில் கார்போஹைட்ரேட் இல்லாததால் அது தானாக இரத்தச் சர்க்கரையை உடனே உயர்த்துவதில்லை. ஆகவே "சர்க்கரை இல்லாத எண்ணெய்" என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லா எண்ணெயும் அப்படித்தான்.

அப்படியானால் எண்ணெய்க்கும் நீரிழிவுக்கும் தொடர்பே இல்லையா? மூன்று வழிகளில் உண்டு.

முதலாவது, நேரம். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையிலிருந்து மெதுவாக வெளியேறும். எண்ணெய் ஊறிய பரோட்டா சாப்பிட்டவருக்குச் சர்க்கரை தாமதமாக ஏறி, நீண்ட நேரம் இறங்காமல் நிற்கக்கூடும்.

இரண்டாவது, ஆற்றல். ஒரு கிராம் கார்போஹைட்ரேட் 4 கிலோ கலோரி தருகிறது. ஒரு கிராம் எண்ணெய் 9 தருகிறது. செக்கு எண்ணெய், ரீஃபைண்ட் எண்ணெய், விலை கூடியது, குறைந்தது எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். மிகுதியான ஆற்றல் வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பாகச் சேரும்போது, உடல் செல்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை.

மூன்றாவது, கொழுப்பின் வகை. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகப் பன்மை நிறைவுறாக் கொழுப்பைச் சேர்த்தால் சர்க்கரைக் கட்டுப்பாடும் இன்சுலின் செயல்பாடும் சற்று மேம்படுவதை, 102 உணவுச் சோதனைகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. மேம்பாடு சிறியது, மாத்திரைக்கு ஈடாகாது. ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு கூடுதல் என்பதால் எண்ணெயின் வகை இதயத்துக்காகவும் முக்கியம்.

இரண்டாம் பாடவேளை: உறையும் கணக்கும்

காலி எண்ணெய் உறைகளை முந்தைய நாளே கொண்டுவரச் சொல்வேன். நிறைவுற்ற கொழுப்பின் அளவைக் குழுவாகப் பட்டியலிடுவார்கள். ஏறத்தாழ, தேங்காய் எண்ணெயில் 90 விழுக்காடு, பாமாயிலில் 50, கடலெண்ணெயில் 20க்குள், நல்லெண்ணெயில் 15, சூரியகாந்தி எண்ணெயில் 10 முதல் 12. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதைக் கார்பன் சேர்மங்கள் பாடத்தின் ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்போடு இங்கே இணைக்கலாம். உறையில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று இருந்தால் அதையும் பேசலாம்: தாவர எண்ணெய்களில் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை என்றே கொள்ளலாம், எனவே அது தனிச் சிறப்பு அன்று.

ஒரு லிட்டர் எண்ணெயின் நிறை சுமார் 910 கிராம். நால்வர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் செலவானால், 5 × 910 = 4,550 கிராம். அதை 4 பேருக்கும் 30 நாளுக்கும் வகுத்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 38 கிராம். 3 லிட்டர் என்றால் சுமார் 23 கிராம். அதிக உடலுழைப்பு இல்லாதவருக்கு 20 முதல் 30 கிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 5 லிட்டரை 3 ஆக்கினால் ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 135 கிலோ கலோரி குறைகிறது. இதற்குச் செலவு கிடையாது, மிச்சம்தான்.

பாமாயிலை மட்டுமே வாங்க முடிந்த வீடுகளுக்கும் இந்தக் கணக்கு பயன்படும். அளவைக் குறைத்து, தாளிப்புக்கு மட்டும் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ சேர்ப்பது கைக்கு எட்டும் வழி. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆசிரியர் கவனத்திற்கு

"யார் வீட்டில் சுகர் இருக்கிறது?" என்று வகுப்பில் கை தூக்கச் சொல்ல வேண்டாம். வீட்டு எண்ணெய்ச் செலவை அறிக்கையாகவும் கேட்க வேண்டாம். கற்பனைக் குடும்பத்தின் கணக்கே போதும். வீட்டில் செய்து பார்க்க விரும்பும் மாணவர் செய்து கொள்வார். எந்த எண்ணெய்க்கு மாறினாலும் மாத்திரையையோ இன்சுலினையோ மருத்துவரைக் கேட்காமல் குறைக்கக் கூடாது என்பதைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது நல்லது. சர்க்கரை மாத்திரைகள் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன.

நம் வகுப்பிலேயே இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாணவர் இருக்கலாம். அவருக்கு வியர்வை, நடுக்கம், குழப்பம் ஏற்பட்டால் சர்க்கரை குறைந்திருக்கக்கூடும். நினைவோடு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். முறுக்கு, சாக்லேட் வேண்டாம்; அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுத்து, பெற்றோருக்குச் சொல்லுங்கள். நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். முதல் பாடவேளையில் மாணவர்கள் எழுதிய "கொழுப்பு தாமதப்படுத்தும்" என்ற வரி, இந்த இடத்தில் நமக்கும் பாடம்.