எறும்புக்கு அடைத்த வழி

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகச் சுவரில், இணைய மோடமும் ஸ்விட்சும் வைத்த இரும்புப் பெட்டி ஒன்று உள்ளது. மழைக்காலத்தில் அதன் காற்றுத் துளைகள் வழியே எறும்புகள் புகுந்து முட்டைகளோடு குடியேறின. சுத்தம் செய்த கையோடு எல்லாத் துளைகளையும் ஒட்டுநாடாவால் அடைத்தேன்.

கோடை தொடங்கியதும் பிற்பகல்களில் இணையம் அடிக்கடி நின்றது. ஒருநாள் எட்டாம் வகுப்பின் இணையவழி வினாடி வினா பாதியில் நின்றுபோனது. பெட்டியைத் தொட்டால் கை சுட்டது. "எறும்பு உள்ளே போகாது, சரி. சூடு எப்படி டீச்சர் வெளியே போகும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். தவறு என்னுடையது. அதையே பாடமாக்கினேன்.

செயல்பாடு 1: வெப்பச்சலனம்

ஒரே அளவுள்ள இரண்டு காலணிப் பெட்டிகளில், சம அளவு வெந்நீர் ஊற்றி மூடிய டம்ளர்களை வைத்தோம். ஒன்றை முழுதும் மூடினோம். மற்றதில் அடியிலும் எதிர்ப்பக்க மேற்புறத்திலும் துளைகள் இட்டோம். மேற்பகுதியில் செருகிய வெப்பநிலைமானிகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து மாணவர்கள் குறித்தனர். மூடிய பெட்டியே அதிகம் சூடேறியது. சூடான காற்று மேலே வெளியேற, குளிர்ந்த காற்று கீழே நுழைய வேண்டும் என்பதை அவர்களே சொன்னார்கள்.

செயல்பாடு 2: வலையின் கணக்கு

துளைக்குக் கம்பிவலை போடலாம் என்றனர். வலைக்கண் 1 மி.மீ., கம்பித் தடிமன் 0.5 மி.மீ. எனில், ஒரு கண்ணுக்குரிய சதுரத்தின் பக்கம் 1.5 மி.மீ., பரப்பு 2.25 ச.மி.மீ. அதில் திறந்த பகுதி 1 ச.மி.மீ. மட்டுமே, ஏறக்குறைய 44 விழுக்காடு. ஆகவே பழைய அளவு காற்று செல்ல, திறப்பைக் குறைந்தது 2.25 மடங்கு பெரிதாக்க வேண்டும்.

நாங்கள் செய்தவை

* மின்பணியாளரைக் கொண்டு, மின் இணைப்பைத் துண்டித்தபின் கீழும் மேலும் பெரிய திறப்புகள் வெட்டி, வெளிப்புறத்தில் வலை பொருத்தினோம்.
* கம்பிகள் நுழையும் இடைவெளிகளை ரப்பர் வளையத்தால் அடைத்தோம்.
* ஆய்வகத்தில் தின்பண்டங்களைத் தவிர்த்தோம். மிகச் சிறிய எறும்பு வலைக்குள்ளும் நுழையும்.
* பெட்டிக்குள் பூச்சிமருந்து தெளிப்பதில்லை. அது மின்சுற்றில் படியும், தீப்பற்றவும் கூடும்.

வலையில் தூசி அடைத்தால் மீண்டும் ஒட்டுநாடாவின் கதைதான். மாதம் ஒருமுறை நான் மின்சாரத்தை நிறுத்த, அந்த மாணவியின் குழு வலையின் வெளிப்புறத்தைத் தூரிகையால் துடைக்கிறது. உங்கள் பள்ளிப் பெட்டியின் துளைகளையும் இன்றே ஒருமுறை பாருங்கள்.